நகலெடுத்தவர் மாட்டிய கதை (ஒரு பாப்பிரஸ் துண்டு சொல்லும் பாடம்)



சென்ற மாதச் சுவரிதழில் ‘நைல் நதியின் பெருமை’ என்ற கட்டுரையை என் பெயரில் படித்திருப்பீர்கள். பிரேயரில் தலைமையாசிரியர் பாராட்டினார். நீங்களும் கை தட்டினீர்கள். அதில் நைல் நதியின் நீளம் 6560 கிலோமீட்டர் என்று இருந்தது. அது தவறு. சுமார் 6650 கிலோமீட்டர் என்பதே சரி.

வெறும் எண் தவறு என்றால் ஒரு வரியில் திருத்தம் போட்டுவிடலாம். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கட்டுரை ஒட்டிய மறுநாள் சமூக அறிவியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இந்த 6560 எங்கேருந்து எடுத்தே?”

“புத்தகத்துல இருந்து டீச்சர்.”

“எந்தப் புத்தகம்?”

நான் பதில் பேசவில்லை. டீச்சர் பீரோவைத் திறந்து ஒரு பழைய வார இதழை எடுத்து மேஜைமேல் வைத்தார். நம் நூலகத்தில் இருந்த அதே இதழ். நான் ஒரு வரி விடாமல் பார்த்து எழுதிய அதே கட்டுரை. அதிலும் 6560 என்றுதான் இருந்தது. அச்சுக் கோர்த்தவர் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறார். நான் அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

டீச்சர் திட்டவில்லை. “தப்பு நீ பண்ணினது இல்ல. ஆனா அந்தத் தப்புதான் உன்னைக் காட்டிக் குடுத்துச்சு. இதே மாதிரி ஒரு பாப்பிரஸ் துண்டும் மாட்டிக்கிச்சு. அதைப் பத்திப் படி. படிச்சுட்டு உன் சொந்த வார்த்தையில எழுதிட்டு வா” என்றார். மூன்று வாரம் கம்ப்யூட்டர் அறையிலும், டீச்சர் கொடுத்த தாள்களிலும் படித்தேன். புரியாததை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

1. பாப்பிரஸ் என்றால் என்ன?

பாப்பிரஸ் என்பது நைல் நதிக்கரைச் சதுப்பில் வளரும் ஒரு செடி. நம் ஊர் வாய்க்கால் ஓரம் வளருகிறதே கோரை, அதே குடும்பம். கோரைத் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். உருளையாக இருக்காது, மூன்று பட்டையாக இருக்கும். பாப்பிரஸ் தண்டும் அப்படித்தான். ஆனால் ஆளைவிட உயரமாக வளரும்.

நாம் கோரையில் பாய் நெய்கிறோம். எகிப்தியர்கள் பாப்பிரஸில் எழுதும் தாள் செய்தார்கள். தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவுவார்கள். பட்டைகளை நெடுக்காக ஓர் அடுக்கும், அதன்மேல் குறுக்காக ஓர் அடுக்கும் பரப்பி, அழுத்தி, காய வைப்பார்கள். செடியின் சாறே பசைபோல ஒட்டிக்கொள்ளும். நாணல் பேனாவால், புகைக்கரி கலந்த மையைத் தொட்டு எழுதுவார்கள். ‘பேப்பர்’ என்ற சொல்லே பாப்பிரஸிலிருந்து வந்ததுதான்.

எகிப்தில் மழை மிகக் குறைவு. அதனால் மணலுக்குள் புதைந்த பாப்பிரஸ் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள்கூடக் கெடாமல் கிடைக்கிறது. ஆனால் முழுப் புத்தகமாகக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

2. காப்டிக் என்பது என்ன மொழி?

பிரமிடு கட்டியவர்கள் பேசிய பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம்தான் காப்டிக். முதலில் அந்த மொழியைப் படஎழுத்தில் எழுதினார்கள். பிறகு கிரேக்க எழுத்துகளைக் கடன் வாங்கி எழுதத் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு மட்டும் தங்கள் பழைய எழுத்திலிருந்து ஆறு, ஏழு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் அரேபியர் ஆட்சி வந்த பிறகு மக்கள் மெல்ல மெல்ல அரபு மொழிக்கு மாறிவிட்டார்கள். இன்று எகிப்தின் காப்டிக் திருச்சபை வழிபாட்டில் மட்டும் அந்த மொழி ஒலிக்கிறது.

காப்டிக் கையெழுத்துகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நம் ஓலைச்சுவடிகளும் அப்படித்தானே! எழுத்துகளை ஒரே தொடராக எழுதிக்கொண்டே போவார்கள். ஓரம் வந்ததும், சொல் பாதியில் இருந்தாலும் முறித்து அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் என்று நமக்கு இருப்பதுபோல் காப்டிக் மொழிக்கும் பல வட்டார வழக்குகள் உண்டு. அதில் ஒன்றின் பெயர் லைக்கோபொலிட்டன்.

உங்களுக்குத் தெரியுமா? எகிப்தியப் படஎழுத்தின் மர்மத்தை 1822இல் ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் அவிழ்த்தார். அவருக்குக் காப்டிக் தெரிந்திருந்ததுதான் பெரிய உதவியாக இருந்தது.

3. ரோமில் அறிவித்த துண்டு

2012 செப்டம்பர் 18. இத்தாலியின் ரோம் நகரில் காப்டிக் ஆய்வாளர்களின் உலக மாநாடு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை கேரன் கிங் ஒரு பாப்பிரஸ் துண்டைப் பற்றி அங்கே அறிவித்தார். அகலம் சுமார் 8 செ.மீ., உயரம் 4 செ.மீ. நம் கிரேயான் டப்பா மூடியைவிடச் சிறியது. ஒரு பக்கத்தில் எட்டு வரிகள். எல்லா வரியும் பாதி பாதிதான். அதில் ஒரு வரியில் இயேசு ‘என் மனைவி’ என்று பேசுவதுபோல் சில சொற்கள் இருந்தன.

உலகம் முழுவதும் பத்திரிகைகளில் இதுதான் செய்தி. ஆனால் கேரன் கிங் அன்றைக்கே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். இயேசுவுக்குத் திருமணம் நடந்தது என்பதற்கு இது சான்று ஆகாது, பழங்காலக் கிறிஸ்தவர்களில் சிலர் அப்படி நினைத்திருக்கலாம் என்று மட்டுமே இது காட்டும் என்றார். நானும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை யாருடைய நம்பிக்கையைப் பற்றியும் அல்ல. ஒரு துண்டு உண்மையா, போலியா என்று கண்டுபிடித்த முறையைப் பற்றியது.

கேரன் கிங் செய்த இன்னொரு நல்ல காரியம், துண்டின் புகைப்படத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. மூடி வைத்திருந்தால் மற்றவர்கள் சோதித்துப் பார்த்திருக்கவே முடியாது.

4. சோதனைக்கூடம் சொன்னது என்ன?

உயிருள்ள செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் கார்பன்-14 என்ற வகை மிகச் சிறிதளவு இருக்கும். செடியை அறுத்ததும் புதுக் கார்பன் சேர்வது நின்றுவிடும். உள்ளே இருக்கும் கார்பன்-14 மெல்லக் குறையும். சுமார் 5730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால் செடியை அறுத்த காலம் தெரியும்.

சோதனை முடிவுகள் 2014 ஏப்ரலில் வெளியாயின. ஒரு கார்பன் சோதனை, பாப்பிரஸ் கி.பி. 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் இருக்கலாம் என்றது. மையும் பழைய காலத்துப் புகைக்கரி மை போலவே இருந்தது. “அப்போ உண்மைதானே!” என்று நானும் நினைத்தேன்.

டீச்சரிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்க தாத்தாவோட பழைய கணக்கு நோட்டுல எழுதாத பக்கம் ஒண்ணு இருக்கு. அதுல நீ இன்னிக்கு ஒரு லெட்டர் எழுதினா, அது தாத்தா காலத்து லெட்டர் ஆயிடுமா?”

ஆகாது. கார்பன் சோதனை சொல்வது தாளின் வயதை. எழுத்தின் வயதை அல்ல. பழைய பாப்பிரஸில் எழுதாத துண்டுகளும் கிடைக்கின்றன. புகைக்கரி மையை விளக்குக் கரியில் இன்றைக்கும் தயாரிக்கலாம். பொருள் பழையது என்பதால் எழுத்தும் பழையது என்று சொல்ல முடியாது.

5. கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது என்ன?

1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி என்ற ஊருக்கு அருகே, மண் ஜாடிக்குள் தோல் அட்டை போட்ட பழைய காப்டிக் புத்தகங்கள் கிடைத்தன. இப்போது அவை கெய்ரோ நகரில் காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தோமா நற்செய்தி. 114 மொழிகள் கொண்ட தொகுப்பு.

ரோம் அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் வாட்சன் ஒன்றைக் காட்டினார். துண்டில் உள்ள சொற்றொடர்கள் பெரும்பாலும் தோமா நற்செய்தியில் அங்கங்கே இருப்பவை. அவற்றை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்ததுபோல் இருக்கிறது என்றார்.

அடுத்தது ஆண்ட்ரூ பெர்ன்ஹார்ட் என்ற ஆய்வாளர். தோமா நற்செய்தியின் காப்டிக் வரிகளை ஆங்கில அர்த்தத்துடன் ஒருவர் இணையத்தில் போட்டிருந்தார். 2002ஆம் ஆண்டுப் பிரதி அது. அதில் ஓர் இடத்தில் ஓர் எழுத்து தவறுதலாக விட்டுப்போயிருந்தது. நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ உருபு மாதிரி, செயப்படுபொருளுக்கு முன்னால் வரவேண்டிய எழுத்து. பாப்பிரஸ் துண்டின் முதல் வரியிலும், அதே சொற்களில், அதே எழுத்தைக் காணோம்!

நினைத்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் எழுதியவருக்கு 2002இல் நடந்த தட்டச்சுப் பிழை எப்படித் தெரியும்? இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு 6560தான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் மேலே படிக்கவே முடியவில்லை.

இருந்தாலும் சிலர் சமாதானம் ஆகவில்லை. பழங்காலத்து ஆளும் ஓர் எழுத்தை விட்டிருக்கலாமே, தற்செயலாக இருக்கலாமே என்றார்கள். அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் வேறொரு துண்டிலிருந்து வந்தது.

6. இரண்டாவது துண்டு

அந்தத் துண்டின் உரிமையாளர் கேரன் கிங்கிடம் வேறு சில பாப்பிரஸ் துண்டுகளையும் கொடுத்திருந்தார். அதில் ஒன்று காப்டிக் மொழியில் யோவான் நற்செய்தி. யாரும் அதை அதிகம் கவனிக்கவில்லை. சோதனை முடிவுகளோடு அதன் படமும் 2014இல் வெளியானது.

கிறிஸ்டியன் ஆஸ்கெலாண்ட் என்ற ஆய்வாளர் அந்தப் படத்தைப் பார்த்தார். இவர் காப்டிக் யோவான் நற்செய்திகளைப் பற்றியே பல ஆண்டுகள் படித்தவர். பார்த்ததும், இந்த எழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டார்.

1923இல் எகிப்தில் காவ் என்ற இடத்தில், ஒரு ஜாடிக்குள் நான்காம் நூற்றாண்டு யோவான் நற்செய்தி ஒன்று கிடைத்தது. லைக்கோபொலிட்டன் வழக்கில் எழுதியது. மறு ஆண்டே, 1924இல், ஹெர்பர்ட் தாம்சன் என்ற அறிஞர் அதை வரிக்கு வரி அப்படியே அச்சிட்டார். ஆஸ்கெலாண்ட் கண்டது இதுதான். துண்டில் இருந்தவை அந்த அச்சுப் புத்தகத்தின் வரிகள். ஒரு வரி எழுதி, ஒரு வரி விட்டு, மறுபடி ஒரு வரி எழுதி, இப்படி 17 வரிகள். 17 வரிகளிலும் வரி முறியும் இடம் ஒன்றேதான்.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. துண்டின் பாப்பிரஸ் 7 முதல் 9ஆம் நூற்றாண்டு என்கிறது சோதனை. லைக்கோபொலிட்டன் வழக்கில் எழுதுவது அதற்கு முன்பே நின்றுபோனது என்பது அறிஞர்கள் கருத்து. வழக்கொழிந்த பிறகு அந்த வழக்கில் யார் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்?

யோவான் துண்டு போலி என்று ஆகிவிட்டது. ‘மனைவி’ துண்டிலும் அதே கையெழுத்து, அதே மாதிரி மை. ஆகவே இரண்டும் சேர்ந்தே விழுந்தன.

7. நாங்கள் செய்து பார்த்த சோதனை

வரி முறியும் இடம் ஒத்துப்போனால் அது அவ்வளவு பெரிய சான்றா? எனக்குச் சந்தேகம். அதனால் எங்கள் வகுப்புத் தோழிகள் ஐந்து பேரிடம் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரே பத்தியைக் கொடுத்து, அவரவர் நோட்டில் எழுதச் சொன்னேன். நான்கு பேர் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். ஒருத்தி மட்டும் அந்த நான்கு பேரில் ஒருத்தியின் நோட்டைப் பார்த்து வரிக்கு வரி எழுதினாள். யார் நோட்டைப் பார்த்தாள் என்பதை எனக்குச் சொல்லக் கூடாது.

ஐந்து நோட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் வரி இரண்டு மூன்று பேருக்கு ஒரே சொல்லில் முடிந்தது. இரண்டாம் வரியிலேயே மாறத் தொடங்கியது. ஒருத்திக்குக் குண்டு எழுத்து, ஒருத்திக்குப் பொடி எழுத்து. ஐந்தாம் வரிக்குள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டது. இரண்டு நோட்டு மட்டும் பத்து வரியும் ஒரே இடத்தில் முறிந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினாள் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அவர்களுக்கே ஆச்சரியம்.

கணக்கு சாரிடமும் கேட்டேன். ஒவ்வொரு வரியும் முடிய நான்கு இடங்கள்தான் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம் என்றார். அப்படியானால் 17 வரியும் தற்செயலாக ஒத்துப்போக, நான்கை 17 முறை பெருக்கியதில் ஒரு பங்குதான் வாய்ப்பு. பெருக்கிப் பார்த்தேன். 1717 கோடியே 98 லட்சத்து 69 ஆயிரத்து 184இல் ஒன்று. இது நாங்கள் புரிந்துகொள்வதற்காகப் போட்ட தோராயக் கணக்குதான். ஆனாலும் ‘தற்செயல்’ என்று ஏன் சொல்ல முடியாது என்பது எனக்கு விளங்கியது.

8. முடிவு என்ன ஆனது?

துண்டு எங்கிருந்து வந்தது, யார் யார் கைமாறி வந்தது என்பதை ஏரியல் சபார் என்ற பத்திரிகையாளர் தேடிப் போனார். அவருடைய கட்டுரை 2016இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் வந்தது. உரிமையாளர் சொன்ன வரலாறு நிற்கவில்லை. தான் அதை எழுதவில்லை என்று அவர் மறுத்தார். ஆனால் கேரன் கிங் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, இது போலி என்ற பக்கமே தராசு சாய்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உலகம் முழுதும் தெரிந்த பேராசிரியை, உலகம் முழுதும் தெரிய ஒரு விஷயத்தைச் சொன்னவர். அதைத் தவறு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! நம் பள்ளிச் சுவர் முன்னால் ஒப்புக்கொள்ளவே எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

9. இதில் நான் கற்றவை

ஒன்று. தாள் பழையதா என்று பார்ப்பது வேறு. எழுத்து பழையதா என்று பார்ப்பது வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது.

இரண்டு. எந்தப் பொருளானாலும் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். துண்டைத் தந்தவரிடமும் அதைக் கேட்க வேண்டும். என்னிடம் டீச்சர் கேட்டதும் அதுதான்.

மூன்று. பார்த்து எழுதுகிறவர் எழுத்தை மட்டும் எடுப்பதில்லை. பிழையையும், வரி முறிவையும், விட்டுப்போனதையும் சேர்த்தே எடுக்கிறார். ஏனென்றால் அவருக்கு அது பிழை என்றே தெரியாது. நைல் நதியைப் பற்றி நான் உண்மையிலேயே படித்திருந்தால் 6560ஐப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கும். அட்லஸை எடுத்துப் பார்த்திருப்பேன்.

நான்கு. இதைத்தான் எழுதத் தயக்கமாக இருந்தது. சென்ற மாதம் என் கட்டுரை நீளமாக இருந்ததால் ஓர் இடம் போதவில்லை. ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி ‘எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்ட இரவு’ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று அதை எடுத்து வைத்துவிட்டார்கள். எழுத்துப் பிழை நிறைய இருந்தது என்றும் சொன்னார்கள். இருக்கட்டுமே! அந்தப் பிழை அவளுடைய சொந்தப் பிழை. அவள் ராத்திரி முழுக்க முழித்திருந்து பார்த்ததை எழுதினாள். அவள் இடத்தில் நான் யாரோ எழுதியதை ஒட்டினேன். கை தட்டலையும் வாங்கிக்கொண்டேன்.

தங்கையிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “பரவால்லக்கா, அந்தக் குட்டி இப்போ நல்லா ஓடுது” என்றாள். டீச்சரிடம் சொல்லி, இந்த மாதம் அவள் கட்டுரையை முதலில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தாளுக்கு இடப்பக்கம் இருப்பது அதுதான். படிக்காதவர்கள் தயவுசெய்து அதையும் படியுங்கள்.

என் பழைய கட்டுரையை நூலக அலமாரியில் வைத்திருக்கிறோம். அதன்மேல் சிவப்பு மையில், எந்த வார இதழைப் பார்த்து எழுதியது என்றும், 6560 அல்ல 6650 என்றும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு கேள்வி: இந்தக் கட்டுரையிலும் பிழை இருக்கலாம். கண்டுபிடித்தால் வகுப்பு, பெயருடன் எழுதி ஆலோசனைப் பெட்டியில் போடுங்கள். சரியான பிழைகளை அடுத்த இதழில் உங்கள் பெயருடன் வெளியிடுவேன். இந்த முறை பிழை எல்லாம் என்னுடையதே.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி